மனசு இறங்கிக் கிடக்கும்போது கிட்டாரை எடுப்பதா, விடுவதா?

எங்கள் இணையக் குழுவில் 'ஆறாம் கம்பி' என்ற பெயரில் எழுதுகிற தம்பி கேட்டது, 3 செப்டம்பர் 2023

கல்யாணத்துக்கு அப்புறம் கிட்டாரைத் தொட்டதே இல்லை. போன வருடத்திலிருந்து மனசு ஒரு மாதிரி இறங்கிக் கிடக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். பார்க்கிறவன் எல்லாம் "நீதான் நல்லா வாசிப்பியே, எடுத்து வாசி, எல்லாம் சரியாயிடும்" என்கிறான். சரி என்று பரணிலிருந்து இறக்கி வாசித்தேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. வைத்த பிறகு முன்னைவிட மோசமாக இருந்தது. இப்போது அந்தப் பெட்டி கண்ணில் பட்டாலே தெருமுனையில் கடன்காரனைப் பார்த்த மாதிரி இருக்கிறது. விற்றுவிடலாமா?

3 செப்டம்பர், இரவு

விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் அந்தப் பத்து நிமிஷம். என்ன வாசித்தாய்? நானே சொல்கிறேன்: ஒரு காலத்தில் மேடையில் கைதட்டல் வாங்கித் தந்த ஏதோ ஒன்றை. அநேகமாக ராஜா பாட்டின் கிட்டார் முன்னிசை. எந்தப் பாட்டு என்று கேட்கவே வேண்டாம், கையில் கிட்டார் இருந்தால் கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்பது ஒரே பாட்டுதானே.

விட்டுப்போனது உன் விரல், காது இல்லை. காது இத்தனை வருடமும் வேலை செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பஸ்ஸில், டீக்கடையில், பக்கத்து வீட்டு விசேஷத்தில் எல்லாம் கேட்டுக் கேட்டு இன்னும் கூர்மையாகியிருக்கும். ஆகவே நீ தப்பு விட்டால் அது உனக்கு முன்னைவிடத் துல்லியமாகக் கேட்கிறது. நல்லபடியாக இருக்கிறவனுக்கு இது வெறும் எரிச்சல், இரண்டு வாரத்தில் போய்விடும். மனசு இறங்கிக் கிடப்பவனுக்கு இது சாட்சி சொல்ல வந்துவிடும்: "பாத்தியா, இதுவும் போச்சு."

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். முன்பு வாசித்த எதையும் இப்போது வாசிக்காதே.

4 செப்டம்பர்

"பின்ன என்னத்த வாசிக்க, சா ரீ கா மாவா?" என்று மீன்கொத்தி என்ற பெயரில் எழுதுகிறவன் கேட்டிருக்கிறான். கேள்வி நியாயம்தான் மக்கா.

ட்யூனிங்கை, அதாவது கம்பிகளின் சுருதியை, மாற்று. வழக்கமான இ ஏ டி ஜி பி இ-யிலிருந்து மூன்று கம்பியை மட்டும் ஒரு முழு சுரம் இறக்கினால் போதும்: தடித்த இ, டி ஆகும், பி, ஏ ஆகும், மெல்லிய இ, டி ஆகும். டி ஏ டி ஜி ஏ டி. டேவி கிரகாம் என்ற ஆங்கிலேயர் 1960-களில் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க இதைக் கையாண்டார், அவர் மூலம்தான் இது பரவியது. நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. டி-யை சட்ஜமாக வைத்தால் திறந்த கம்பிகள் ச ப ச ம ப ச. சும்மா மேலிருந்து கீழே ஒருமுறை தடவினாலே சுருதிப் பெட்டி திறந்தாற்போல் ஆகிவிடும். தடித்த இரண்டு கம்பியை ஒலிக்க விட்டு மெல்லிய கம்பியில் ஒரே விரலால் ஏதாவது தேடு.

இதில் லாபம் இரண்டு. பழைய கார்டு (சில சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிடி) எதுவும் பழைய இடத்தில் இல்லை, ஆகவே ஒப்பிட ஒன்றும் இல்லை. நீ நேற்று வரை மோசமாகக்கூட வாசித்திராத ஒன்றில் மோசமாக வாசிப்பதற்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? இன்னொன்று, மூன்று கம்பி தளர்ந்திருப்பதால் விரல் நுனிக்கு வலி குறைவு.

கல்யாணி மட்டும் தேடாதே. அந்த ஜி கம்பி சுத்த மத்யமத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னோடு சண்டை போடும். கரகரப்ரியா, ஹரிகாம்போதி என்று போனால் ஒத்துழைக்கும்.

9 செப்டம்பர்

கம்பி விஷயம். தம்பி தனிச்செய்தியில் படம் அனுப்பியிருந்தான். பார்த்ததும் எனக்கே விரல் கூசியது. கம்பி துருப்பிடித்து கறுத்துப்போயிருக்கிறது, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளில் பச்சையாகக் களிம்பு. தூத்துக்குடிக் காற்றில் இதுதான் நடக்கும், உப்பளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். இந்தக் கம்பியில் ஜாம்பவான் வாசித்தாலும் சகிக்காது. அந்தப் பத்து நிமிஷத்தில் பாதிப் பழி இதன்மேல் போகட்டும்.

ஸ்டீல் கம்பி கிட்டார்தான் அது, நன்றாகப் பார்த்துவிட்டேன். நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கலாக இருந்தால் அதில் ஸ்டீல் கம்பி போடக் கூடாது, இழுவை தாங்காமல், மேல்பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். உன்னுடையதில் தடித்த 12 செட்டுக்குப் பதில் மெல்லிய 10 செட் போடு. கடைக்காரர் "சவுண்ட் கம்மியா இருக்கும் சார்" என்பார். இருக்கட்டும். நீ கச்சேரிக்கா போகிறாய்?

கழற்றும்போது ஆறு கம்பியையும் தளர்த்திவிட்டு அப்புறம் கழற்று. கம்பியின் முனையை இறுக்கிப் பிடிக்கும் பிரிட்ஜ் பின் இறுகிப்போய் வராது. குறடு வைத்து இழுக்காதே, தலை உடைந்து கையோடு வந்துவிடும். சவுண்ட் ஹோலுக்குள் கையை விட்டு, பின்னின் அடிப்பக்கத்தை உள்ளிருந்து ஒரு ரூபாய் நாணயத்தால் தள்ளு. டப்பென்று மேலே எழும். கம்பி இல்லாத வெறும் கட்டையை ஈரம் இல்லாத துணியால் ஃப்ரெட் ஃப்ரெட்டாகத் துடை. புதுக் கம்பி போடும் முன், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் உள்ள பள்ளங்களில் பென்சில் முனையை இரண்டு இழுப்பு இழு, ட்யூன் செய்யும்போது டிக் டிக் என்று மாட்டாது.

இதை ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று இல்லை. இன்றைக்குக் கழற்று. துடைப்பது நாளைக்கு. வாசிக்கவே வேண்டாம். கிட்டாரோடு இருந்த கணக்கில் அதுவும் சேரும்.

10 செப்டம்பர்

நாசரேத் அண்ணன் ஜாஸ் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் கதையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கி, மீதி இரண்டு விரலால் புதிதாக ஒரு வாசிப்பையே உண்டாக்கினார். உண்மை. இன்னும் வேண்டுமென்றால் பிளாக் சபாத் ராக் குழுவின் டோனி ஐயோமி இருக்கிறார். பர்மிங்காமில் தகரப் பட்டறையில் 17 வயதில் இரண்டு விரல் நுனி போனது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு, மெல்லிய பாஞ்சோ கம்பியைக் கட்டி வாசித்தார்.

அண்ணே, கதை அருமை. ஆனால் சோர்ந்து கிடப்பவனிடம் இதைச் சொல்லாதீர்கள். "ரெண்டு விரலை வச்சுக்கிட்டு அவன் அவ்வளவு செஞ்சான், உனக்குத்தான் பத்தும் இருக்கே" என்றுதான் அவன் காதில் விழும். என்னிடமும் ஒருவர் சொன்னார். அந்த வாரம் முழுக்க என் பத்து விரலையும் பார்த்துப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், வேறொன்றும் நடக்கவில்லை.

ஐயோமி கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது மெல்லிய கம்பி. வீரத்தை விட்டுவிடலாம்.

21 செப்டம்பர்

"அந்த வாரம் என்கிறீங்களே, எந்த வாரம்? நீங்க எப்ப இப்படி இருந்தீங்க?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நடுவில் நான் காணாமல் போனேனே, அப்போதுதான். பலரும் நான் கப்பலுக்குப் போய்விட்டதாக நினைத்தார்களாம். நான் வீட்டில்தான் இருந்தேன்.

காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை, கடன் இல்லை. காலையில் எழுந்து உட்கார்ந்தால் செருப்பு மாட்டுவதற்கே யோசனை ஓடும். அழுகை எல்லாம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை என்பதுதான் சங்கடம். கோயில் (சர்ச்) கொயரில் பின்வரிசையில் நின்று பழைய கீர்த்தனைகளைக் கேட்கும்போது வழக்கமாகக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்க்கும், அது நின்றுபோனது. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் கூடினாலும் தெரியாது. வீட்டில் அவள்தான் கண்டுபிடித்தாள். "நீங்க மீன்கொழம்ப குறை சொல்லி எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பது எனக்குத் தெரியும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் கண்ணிலும் படாதபடி சுற்றிப் போனேன். வரிசையில் என் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பல்வலிக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டோம். டாக்டர் முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். எனக்கு அது சரியாகவே இருந்தது. அப்புறம் தூக்கம், பசி, ஆர்வம் என்று போன இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டார். ஏழாவது கேள்வி பேப்பர் படிக்கக் கவனம் ஓடுகிறதா என்பது. ஓடவில்லை என்றேன். ஒன்பதாவது சாவைப் பற்றிய நினைப்பு. அதற்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவர் சொன்னதில் ஒன்று இந்தக் கிட்டார் விஷயத்துக்குப் பொருந்தும். மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. சின்னதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினால் மனசு பின்னாலேயே வரும். இதை முறையாக ஒரு சிகிச்சையாகவே செய்கிறார்கள். ஆனால் 'சின்னதாக' என்பதில்தான் விஷயம். நம் ஆட்கள் "எடுத்து வாசி" என்று ஒரு மலையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

8 அக்டோபர்

மாத்திரை விவாதம் இங்கே நீண்டுகொண்டே போகிறது, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். "அடிமையாகிவிடுவோம்" என்று சொல்கிறவர்கள் தூக்க மாத்திரையையும் இதையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். எனக்குக் கொடுத்தது வேறு வகை. முதல் சில நாள் வயிறு புரட்டியது. பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், அப்படித்தான் ஆயிற்று. நன்றாக ஆனதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது, அவர்தான் படிப்படியாகக் குறைப்பார். எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்றும் இல்லை, பேச்சிலேயே சரியாகிறவர்களும் உண்டு. அதை நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416. டெலி மானஸ், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வருகிறவர்கள் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். கிட்டார் எங்கும் ஓடிப்போகாது.

8 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

மீன்கொத்தி, சூப்பர் க்ளூவை விரல் நுனியில் தடவிக்கொண்டு வாசிக்கிற ஆட்கள் இருப்பது தெரியும். நீ செய்யாதே லே. விரல் நுனித் தோல் தடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. குளித்த கையோடு வாசிக்காதே, தோல் ஊறியிருக்கும், கம்பி உள்ளே இறங்கிவிடும்.

2 நவம்பர்

தம்பி கேட்டது: "கூட வாசிக்க ஆள் இருந்தா பரவாயில்லை. வீடியோ கால்ல வாசிக்கலாமா?"

முடியாது. சத்தம் போய்ச் சேரத் தாமதமாகும், நீ அடிக்கும் தாளம் எனக்குப் பிந்திக் கேட்கும், அதற்கு ஏற்ப நான் பிந்துவேன், நீ இன்னும் பிந்துவாய். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இரங்கல் கூட்டத்துக்கு வாசிப்பது போல் ஆகிவிடும்.

எனக்கு நாசரேத் அண்ணன் செய்தது சொல்கிறேன். (அண்ணே, செப்டம்பரில் உங்களைக் கடிந்துகொண்டதற்கு இது ஈடு.) நான் யார் ஃபோனையும் எடுக்காமல் கிடந்தபோது, எப்படி இருக்கே, ஏன் எடுக்கல என்று எதுவும் கேட்கவில்லை மனிதர். வாட்ஸப்பில் ஒரு ஆடியோ. டி மைனரில் நாலு வட்டம் வெறும் ரிதம். கீழே ஒரு வரி: "மேல எதாவது போடு. அவசரமில்ல." நான் போடவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று, அதே நாலு வட்டம், இந்த முறை பின்னால் குக்கர் விசில். நான் அதற்கும் போடவில்லை. அவர் கோபப்படவும் இல்லை, விடவும் இல்லை. வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் நான் போட்டது மூன்று சுரம். மூன்றாவது வட்டத்தில் மட்டும், அந்தக் குக்கர் விசிலுக்குப் பதில் சொல்கிற மாதிரி. அவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். வாழ்த்து, பாராட்டு, "திரும்பி வந்துட்டே" மாதிரி எதுவும் இல்லை. அது இல்லாததால்தான் அடுத்ததையும் அனுப்பினேன். யாராவது "சூப்பர், பழைய ஆளா ஆயிட்டே" என்று எழுதியிருந்தால் பயத்திலேயே மூடி வைத்திருப்பேன்.

தம்பி, உனக்கு நான் ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லை.

26 நவம்பர்

கீபோர்டு வாசிக்கிற அக்கா நீளமாக ஒன்று எழுதியிருக்கிறார். சாரம் இது: ட்யூனிங்கை மாற்றிக்கொண்டு ஒளிந்துகொள்வது எவ்வளவு நாளைக்கு? ஒருநாள் இ ஏ டி ஜி பி இ-க்கு வந்து ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற அந்த எஃப் பார் கார்டைப் பிடித்துத்தானே ஆக வேண்டும்?

அக்கா சொல்வதை ரொம்ப யோசித்தேன். ஒளிந்துகொள்வதுதான், மறுக்கவில்லை. மழைக்கு ஒதுங்குகிறவனைக் கோழை என்கிறோமா என்று எழுதப்போய் அழித்தேன், அது சாமர்த்தியமான பதில், சரியான பதில் இல்லை. சரியான பதில், ஆளைப் பொறுத்தது. எனக்குக் காலம் வந்ததும் தானாகத் திரும்பினேன், கேரல் பாட்டுக்கு டி ஏ டி ஜி ஏ டி-யோடு போய் நின்றால் கொயர் மாஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார் என்பதும் ஒரு காரணம். ஆனால் பேட் மார்ட்டினோ என்ற ஜாஸ் கிட்டார்க்காரர் நேர் எதிர் வழி போனார். 1980-இல் மூளையில் அறுவை சிகிச்சை, நினைவு போய்விட்டது. தான் முன்பு பதிவு செய்த இசைத்தட்டுகளையே கேட்டு, தன்னிடமே மாணவனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு மேடைக்கு வந்தார். பழைய தன்னைக் கேட்பது அவருக்கு உதவியது. நான் அப்போது என் பழைய கேசட்டைக் கேட்டிருந்தால் அதைக் கடலில் வீசியிருப்பேன்.

ஆகவே 3 செப்டம்பரில் 'எதையும்' என்று எழுதியதை இப்படி வாசித்துக்கொள்ளுங்கள்: பழைய பாட்டு உன்னைக் கூப்பிட்டால் போ. உன்னை விசாரிக்கிறது என்றால் போகாதே.

12 டிசம்பர்

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, கேரல் ஒத்திகை. நல்லபடியாகப் போகிறது என்று சொல்ல ஆசைதான். எஃப் இன்னும் இரண்டாவது கம்பியில் மங்கலாகத்தான் விழுகிறது. பாட்டுப் புத்தகத்தை பி ஃப்ளாட்டிலும் ஈ ஃப்ளாட்டிலும் நிரப்பியவர்கள் கிட்டாரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். மூன்றாம் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), பி ஃப்ளாட்டுக்கு ஜி வடிவம், ஈ ஃப்ளாட்டுக்கு சி வடிவம், தீர்ந்தது கதை. இதைக் கண்டுபிடித்தவருக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

தம்பி இன்னும் ஆடியோவுக்குப் பதில் போடவில்லை. நான் இரண்டாவது அனுப்பிவிட்டேன்.

29 டிசம்பர்

எல்லாரும் இருக்கிறோம். 17-ஆம் தேதி பெய்த மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு. கேரல் பாடி வீடுவீடாக ரவுண்ட்ஸ் போக வேண்டிய வாரத்தில் பால் பாக்கெட்டும் தண்ணி கேனும் சுமந்துகொண்டு அலைந்தோம். கிட்டார் பரணில் இருந்ததால் தப்பித்தது. கீபோர்டு அக்காவின் கீபோர்டு தப்பவில்லை. மனசைப் பற்றி யாரும் பேசவில்லை, நேரமில்லை. இப்போது தண்ணி வடிந்த பிறகுதான் ஒவ்வொருவராகச் சுருங்கி உட்காருகிறார்கள். அந்த எண்ணை மறுபடி போடுகிறேன்: 14416.

14 ஜனவரி 2024

தம்பி கிட்டாரை விற்றுவிட்டானாம். நேற்றுத்தான் சொன்னான், திட்டுவேன் என்று பயந்துகொண்டே. எதற்குத் திட்டுவது? டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ராத்திரி தூங்குகிறான், சாயங்காலம் நடக்கப் போகிறான். பெட்டி பரணில் இல்லாதது நிம்மதியாக இருக்கிறது என்கிறான். அப்படியானால் விற்றது சரிதான். இங்கே சிலர் "அய்யோ, அவசரப்பட்டுட்டியே" என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வாசிக்கத் தோன்றினால் ஊரில் கிட்டாருக்கா பஞ்சம்? என்னுடையதே இருக்கிறது. கம்பி போன வாரம்தான் மாற்றினேன். ஆடியோ மட்டும் அனுப்புவதை நிறுத்த மாட்டேன், தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் போதும்.

மீன்கொத்தி, உன் வெள்ளத்தில் ஊறிய கிட்டார். வெயிலில் வைக்காதே, ஹேர் டிரையரும் வேண்டாம், சூட்டில் பசை விட்டுவிடும். கம்பியைத் தளர்த்தி, நிழலில், ஃபேன் காற்றில் நாள் கணக்கில் காயட்டும். காய்ந்ததும் மேல்பலகையை விரல் கணுவால் அங்கங்கே தட்டிப் பார். கரகரவென்று அதிர்ந்தால் உள்ளே குறுக்குக் கட்டை ஏதோ விட்டிருக்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பார், உள்ளே போனால் அதுவும் எழும்பியிருக்கிறது. பிளைவுட் என்றால் ஓரத்தில் அடுக்கு பிரிந்திருக்கும், அதற்குச் செலவு செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வா, பார்ப்போம்.